ஹப்பில் ஒட்டிய குங்குமம்

எனக்கு யாரையும் அவ்வளவு சுலபத்தில் நம்ப வராது. சூளகிரி சந்தையில் கொத்தமல்லிக் கட்டு வாங்கினால், அங்கேயே பிரித்து நடுவில் வாடியது செருகியிருக்கிறதா என்று பார்ப்பேன். வீட்டுக்காரர் ஓவர்டைம் என்று தாமதமாக வந்தால், சட்டையைத் துவைக்கப் போடும் சாக்கில் பையில் கேன்டீன் டோக்கன் இருக்கிறதா என்று துழாவுவேன். இருபது வருஷமாக டோக்கன் இருந்துகொண்டுதான் இருக்கிறது. எனக்காகவே எடுத்து வைக்கிறாரோ என்று அதிலும் ஒரு சந்தேகம். வீட்டில் தெலுங்கு பேசுவோம், கம்பெனியில் தமிழ், எல்லைக்கு அந்தப் பக்கத்து வாடிக்கையாளர்களோடு கன்னடம், ரிப்போர்ட் எழுத இங்கிலீஷ். சந்தேகப்படுவது மட்டும் எனக்கு நாலிலும் சரளமாக வரும்.

இந்தக் குணத்தையே வேலையாக வைத்துக்கொள்ள ஓசூரில் எனக்கு ஒரு இடம் கிடைத்தது. சின்ன விமானங்களின் புரொப்பல்லரைக் கழற்றி, சரிசெய்து, சோதித்துத் திருப்பி அனுப்பும் பட்டறை. மொத்தம் பதினோரு பேர். முதலாளி பெங்களூரில் விமான வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நாங்கள் சார் என்போம். நான் இன்ஸ்பெக்டர். அடுத்தவர் செய்த வேலையில் குற்றம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் பெண்கள், "ஓசூர்ல ஏரோப்ளேன் ரிப்பேரா, அதுவும் நீங்களா?" என்று என்னை மேலும் கீழும் பார்ப்பார்கள். இந்த ஊரில் இருசக்கர வண்டி, ரோஜாப்பூ இரண்டையும் தவிர வேறெதையும் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அவர்கள் நம்பாததில் எனக்கு வருத்தமில்லை, அவர்கள் இடத்தில் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

புரொப்பல்லர் என்றால் வெறும் காத்தாடி என்றுதான் நானும் முதலில் நினைத்திருந்தேன். நாங்கள் பார்ப்பது அந்த வகை இல்லை. இதில் பிளேடுகள் தாம் பொருந்தியிருக்கும் இடத்திலேயே சில டிகிரி திரும்பும். விமானம் மேலே ஏறும்போது பிளேடு காற்றைக் கொஞ்சமாகக் கடிக்க வேண்டும், மேலே போய்ச் சமமாகப் பறக்கும்போது நிறையக் கடிக்க வேண்டும். சைக்கிளில் மேட்டுக்கு ஒரு கியர், சமதரைக்கு ஒரு கியர் போடுகிறோமே, அதே கணக்கு. பிளேடுகளின் அடி வந்து சேரும் நடுப்பகுதிக்கு ஹப் என்று பெயர். அதற்குள் ஒரு பிஸ்டன். எஞ்சின் ஆயில் அதை அழுத்தும்போது பிளேடுகள் திரும்பும். எவ்வளவு ஆயில் போக வேண்டும் என்பதை முடிவுசெய்வது கவர்னர், ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய சின்ன சாமான். அதற்குள் இரண்டு குட்டி எடைகள் சுற்றிக்கொண்டிருக்கும், அவற்றை அமுக்கிக்கொண்டு ஒரு ஸ்பிரிங். எஞ்சின் கொஞ்சம் வேகமெடுத்தால் எடைகள் வெளியே விரியும், ஆயில் ஹப்புக்குப் போகும், பிளேடு அதிகம் கடிக்கும், வேகம் குறையும். வேகம் தணிந்தால் எல்லாம் தலைகீழாக நடக்கும். பறக்கிற நேரம் முழுக்க இது நடந்துகொண்டே இருக்கும், உள்ளே உட்கார்ந்திருப்பவர் காதில் ஒரே சீரான இரைச்சல்தான் விழும். கவர்னர் ஒரு நொடிகூட எஞ்சினை நம்புவதில்லை. அதனாலேயே எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

சில வகை ஹப்பில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. பிளேடுகளின் அடிப்பகுதி இருக்கும் இடத்தில் சிவப்புச் சாயம் கலந்த எண்ணெயை நிரப்பி மூடிவிடுவார்கள். உராய்வுக்கு எண்ணெய், சாயம் காட்டிக்கொடுப்பதற்கு. ஹப்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விட்டாலும் அதன் வழியாகச் சிவப்பு கசியும். வெளியே சிவப்பைப் பார்த்தால் விமானம் பறக்கக் கூடாது. ஹப் பிளந்து ஆகாயத்தில் ஒரு பிளேடு போய்விட்டால், மிச்சமிருக்கும் பிளேடு ஆட்டுகிற ஆட்டத்தில் எஞ்சினே பிடுங்கிக்கொண்டு போகும். அதற்கப்புறம் ஓட்டுகிறவர் செய்வதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது. ஆகையால் எங்கள் பட்டறையில் ஒரு விதி. ஹப்பில் சிவப்பு தென்பட்டால் துடைத்துவிட்டு ஒரு முழு நாள் அப்படியே தொங்கவிட வேண்டும், மறுநாள் திரும்பப் பார்த்த பிறகுதான் பேச்சே. அந்த விதியை எழுதிச் சுவரில் ஒட்டியவள் நான்.

ஆயுத பூஜைக்கும் ஒரு விதி வைத்திருந்தோம். ஓசூர் கம்பெனிகளில் அன்றைக்கு லேத், ஃபோர்க்லிஃப்ட், கம்ப்யூட்டர், வாசல் கேமரா வரைக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிடுவார்கள். எங்களிடம் அது நடக்காது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த குங்குமம் அலுமினியத்துக்கு ஆகாது. அதைவிட, சிவப்பு என்றாலே பதறுகிற இடத்தில் சிவப்புப் பொட்டு வைத்தால் என்ன ஆகும்? ஆகவே பொட்டெல்லாம் ஒவ்வொரு புரொப்பல்லரிலும் கட்டித் தொங்கும் அட்டையில்தான். உலோகத்தில் ஒரு துளிகூடப் படக் கூடாது.

இனி சாத்தூர்க்காரரைப் பற்றி. எங்கள் டெக்னீஷியன், முப்பது முப்பத்திரண்டு வயது, நாலு வருஷமாக எங்களிடம் இருந்தார். இந்தத் தொழிலில் ஒருவருக்குச் சொந்த முத்திரை கிடைக்கும்வரை அவர் செய்த வேலை அவருடையது இல்லை. நம்பர் போட்ட ஒரு சின்ன ரப்பர் முத்திரை, அவ்வளவுதான் சமாசாரம். அது இல்லாத வரை அவர் பூட்டிய ஒவ்வொரு நட்டுக்கும் நான் பக்கத்தில் நின்று பார்த்து என் முத்திரையைக் குத்த வேண்டும். அது கிடைத்தால் வேலை நிரந்தரம். சாத்தூரில் மாமனார் வீட்டில் இருக்கும் மனைவியையும் கைக்குழந்தையையும் ஓசூருக்குக் கூட்டி வந்துவிடலாம். அவருக்கான முத்திரை செய்து வந்து என் மேஜை டிராயரில் இருந்தது. பூஜை விடுமுறை முடிந்த திங்கட்கிழமை சார் கையால் கொடுப்பதாக ஏற்பாடு. வீடுகூடப் பார்த்து வைத்துவிட்டார், தண்ணீர் நல்லா வருமா என்று என்னிடமே நாலு தடவை விசாரித்தார்.

எனக்கு அவர்மேல் ஆரம்பத்திலிருந்தே ஒரு சந்தேகக் கண். அதிகம் பேச மாட்டார். அரை மணி நேரம் முன்னாலேயே வந்துவிடுவார், டூல் பெட்டியைப் பூட்டாமல் டீ குடிக்கக்கூடப் போக மாட்டார். எது சொன்னாலும் "சரிக்கா" என்பார். எல்லாவற்றுக்கும் சரி என்கிற ஆள் எதையோ மறைக்கிறார் என்பது என் கட்சி. பக்தி வேறு. தினமும் நெற்றி நிறைய விபூதி, நடுவில் குங்குமம். வேலையைத் தொடங்குமுன் ஹப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

"ஒத்திக்கிறது உங்க இஷ்டம். கையில குங்குமத்தோட மட்டும் தொடாதீங்க" என்று ஒருநாள் சொன்னேன்.

"அய்யோ, இல்லக்கா" என்று உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார். சுத்தமாக இருந்தன. அவ்வளவு சுத்தமாக இருந்ததும் எனக்குப் பிடிக்கவில்லை.

பூஜைக்கு ஒரு வாரம் முன்னால், எல்லைக்கு அப்பால் உள்ள ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியிலிருந்து ஒரு புரொப்பல்லர் வந்தது. வேகம் ஒரு இடத்தில் நிற்காமல் ஏறி இறங்குகிறது என்று புகார். கவர்னர் தேய்ந்து, தேவைக்கு மேல் திருத்தித் திருத்தி எஞ்சினை அலைக்கழித்துக்கொண்டிருந்தது. ஹப்பில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல்களும் பழசாகியிருந்தன. முழு ஓவர்ஹாலுக்கு இன்னும் காலம் இருந்ததால் ஹப்பை விரிசல் சோதனைக்கு அனுப்பவில்லை. சாத்தூர்க்காரர் சீல் மாற்றினார், கவர்னரைச் சரிசெய்தார், புதுச் சிவப்பு எண்ணெய் நிரப்பினார். பெஞ்சில் ஏற்றி, ஆயில் அழுத்தம் கொடுத்துப் பிளேடுகளைத் திரும்பத் திரும்ப இயக்கிப் பார்த்தோம். கோணம் துல்லியமாக வந்தது. பூஜைக்கு முந்தின நாள் மாலை அதை ஸ்டாண்டில் தொங்கவிட்டோம்.

பூஜை அன்று காலையில் சாத்தூர்க்காரர்தான் தட்டுகளை ஏற்பாடு செய்தார். நாங்கள் எல்லோரும் பத்து மணிக்குமேல் மெதுவாக வந்தோம். வாழைக்கன்று, சாமந்தி மாலை, பொரி, சுண்டல். பூசணிக்காயில் துளை போட்டுக் குங்குமத்தைக் கொட்டி வைத்திருந்தார்கள். சாரின் மனைவி கற்பூரம் காட்டினார். ஷெட் முழுக்கப் புகை. கண் கரிக்கிறது, அந்தப் பெடஸ்டல் ஃபேனைப் போடுங்கள் என்று நான்தான் சொன்னேன். போட்டதும் தட்டிலிருந்த குங்குமம் புஸ்ஸென்று பறந்தது, எல்லோரும் கத்திக்கொண்டு விலகினோம், சிரித்தோம். என் பச்சைச் சேலையில் பட்டதை உதறிக்கொண்டேன். அட்டைகளுக்குப் பொட்டு வைத்தாயிற்று, பொரிப் பொட்டலம் வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

விடுமுறை முடிந்த திங்கட்கிழமை. பயிற்சிப் பள்ளியின் வேன் எட்டு மணிக்கே வந்து வாசலில் நின்றது. பூஜைக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பும் நாள், எல்லையிலுள்ள அத்திப்பள்ளியில் வண்டிகள் சேருமுன் போய்விட வேண்டும் என்று டிரைவர் அவசரப்பட்டார். கடைசியாக ஒரு பார்வை பார்க்கலாம் என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போனேன். ஒரு பிளேடின் அடியில், ஹப்பின் ஓரத்தில், விரல் நகம் அகலத்துக்குச் சிவப்பு.

முதலில் பயந்துதான் போனேன். விரலால் தொட்டேன். நறநறவென்று பொடி. வெள்ளைத் துணியில் துடைத்து முகர்ந்து பார்த்தேன். குங்குமம்தான், சந்தேகமே இல்லை. கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தது, ஆனால் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத ஹப் எங்கே இருக்கிறது? அந்த நிமிஷம் பயம் போய்க் கோபம் வந்தது. என் விதியை மீறி, என் முதுகுக்குப் பின்னால், ஒருவர் ஹப்பில் பொட்டு வைத்திருக்கிறார். யார் என்று யோசிக்க எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

"இங்க வாங்க. இது என்ன?"

சாத்தூர்க்காரர் வந்து பார்த்தார். அவர் முகம் வெளிறியதை நான் பார்த்தேன். அதைப் பார்த்த திருப்தியும் எனக்கு இருந்தது, பொய் சொல்வானேன்.

"நான் வைக்கலக்கா."

"பூஜை அன்னைக்கு முதல்ல வந்தது யாரு?"

"நான்தான். ஆனா வைக்கலக்கா, சாமி சத்தியமா."

"சாமிய இதுல இழுக்காதீங்க. தட்டுல குங்குமம் கொட்டினது யாரு?"

"நான்தான்."

"அப்புறம் என்ன?"

அவர் குனிந்து அந்த இடத்தையே பார்த்தார். பக்கத்துப் பிளேடின் அடியைப் பார்த்தார். மற்ற ஸ்டாண்டுகளைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார், "அக்கா, மத்த எங்கயும் இல்லாம இங்க மட்டும் ஏன் ஒட்டியிருக்கு?"

"அதைத்தான் நானும் கேக்குறேன். உங்களுக்குத் தெரியாதா?"

அவர் வாயைத் திறந்தார். ஏதோ சொல்ல வந்து நிறுத்தியது எனக்கு நன்றாகத் தெரிந்தது. சொல்ல வந்து விழுங்குகிற ஆளை இருபது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், குற்றம் செய்தவர்கள்தான் அப்படி விழுங்குவார்கள் என்று உறுதியாக நம்பினேன். வாழ்க்கையில் நான் எதையாவது முழுசாக நம்பினேன் என்றால் அன்றைக்கு அதைத்தான்.

சார் வந்தார். நடந்ததைச் சொன்னேன். சின்ன விஷயம்தானே என்பதுபோல முதலில் பார்த்தார். உலோகத்தில் குங்குமம் வைத்ததைவிட, வைக்கவில்லை என்று பொய் சொல்வதுதான் பிரச்சினை, பொய் சொல்கிறவர் கையில் முத்திரை கொடுத்தால் நாளைக்கு இறுக்காத நட்டையும் இறுக்கினேன் என்று குத்துவார் என்றேன். அது சாருக்கு உறைத்தது. சாத்தூர்க்காரரை வீட்டுக்குப் போகச் சொன்னார், முடிவு செய்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னார். அவர் டூல் பெட்டியைப் பூட்டி, சாவியை என் மேஜைமேல் வைத்துவிட்டு ஒன்பது மணிக்கெல்லாம் போய்விட்டார்.

"ஒரு நாள் தொங்கவிட்டுப் பார்க்கணும் இல்ல?" என்று சார் கேட்டார்.

"அது எண்ணெய்னா சார். இது குங்குமம். வச்ச ஆளும் தெரியும்."

நான் சொன்ன வார்த்தைகள் இவைதான், ஒன்றுகூட மாற்றவில்லை. துடைத்த இடத்தை அரை மணி நேரம் கழித்து ஒருமுறை பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. குங்குமம் துடைத்து அனுப்புவதாகப் பேப்பரில் எழுதி முத்திரை குத்தினேன். புரொப்பல்லர் வேனில் ஏறியது. அதற்குப் பிறகு மத்தியானம் வரை உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதினேன். விதி மீறல், மறுப்பு, நம்பகத்தன்மை இல்லை. அவருடைய முத்திரையை ஒரு வருஷத்துக்கு நிறுத்தி வைக்கும்படி பரிந்துரை. ஹப்பைப் பார்க்க அரை மணி, ஆளைப் பற்றி எழுத மூன்று மணி நேரம். சார் போனில் முடிவைச் சொன்னதும் சாத்தூர்க்காரர் வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டாராம். பெட்டியை எடுக்கக்கூட வரவில்லை. பார்த்தீர்களா, குற்றமுள்ள நெஞ்சு என்று நான் வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து போன் வந்தது. பயிற்சிப் பள்ளியின் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். கன்னடக்காரர், தமிழ் பேசினால் தாராளமாகக் கன்னடம் கலந்துவிடும்.

"ஏன் மேடம், உங்க பேப்பர்ல குங்குமம் தொடச்சு அனுப்பினேன்னு எழுதியிருக்கீங்க அல்லவா?"

"ஆமாம் சார். டெக்னீஷியன் தப்பு. நடவடிக்கை எடுத்தாச்சு."

"சரி. பூஜை முடிஞ்சு மூணு வாரம் ஆச்சு. உங்க குங்குமம் இன்னும் வந்துட்டே இருக்கு, நோடி, பாருங்க."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. நின்றுகொண்டிருந்த நான் உட்கார்ந்தேன். அவர் மேலே சொல்லிக்கொண்டே போனார். முதலில் சிவப்பைப் பார்த்தபோது எங்கள் பேப்பரை நினைத்து, மிச்சக் குங்குமம் என்று அவருடைய ஆளும் துடைத்திருக்கிறான். இரண்டாவது முறையும் துடைத்திருக்கிறான். மூன்றாவது முறை இவரே பார்த்து, விமானத்தை அப்படியே நிறுத்திவிட்டார். நாங்களும் பூஜை போடுகிற ஊர்க்காரர்களாக இல்லாவிட்டால் முதல் தடவையே நிறுத்தியிருப்போம் என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

ஹப் திரும்பி வந்தது. பெயின்ட்டை நீக்கி, இருட்டறையில் ஒளிரும் திரவம் பூசி விளக்கடியில் பார்த்தோம். பிளேடின் அடியில், நான் துடைத்த அதே இடத்தில், தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு பச்சையாக மின்னியது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை குனிந்து பார்த்தார்.

ஃபேன் காற்றில் குங்குமம் எல்லா ஸ்டாண்டு மேலும்தான் பறந்தது. காய்ந்த உலோகத்தில் விழுந்தது மறுபடி உதிர்ந்து போயிற்று. எண்ணெய் கசிந்த இடத்தில் விழுந்தது மட்டும் ஒட்டிக்கொண்டது. இங்கே மட்டும் ஏன் ஒட்டியிருக்கிறது என்று அந்த மனிதர் என்னிடம் கேட்டார். கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். யார் வைத்தது என்பதை மட்டும் நான் துருவிக்கொண்டிருந்தேன். என் சந்தேகம் மனுஷர்கள்மேல்தான் பாயும், உலோகம் என்னை ஏமாற்றும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. அன்று இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு நிறுத்தத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

தகவல் போக வேண்டிய இடங்களுக்கெல்லாம் போனது. என் முத்திரையை நானே எடுத்து சார் மேஜைமேல் வைத்தேன். விசாரணை முடியும்வரை இருக்கட்டும் என்று அவர் வாங்கிக்கொண்டார். புது ரிப்போர்ட் எழுதினேன். முதல் ரிப்போர்ட் தவறு, டெக்னீஷியன்மேல் குற்றமில்லை, ஒரு நாள் காத்திருக்கும் விதியை மீறியது இன்ஸ்பெக்டர். இதை எழுத மூன்று மணி நேரம் ஆகவில்லை. சாத்தூர்க்காரரைத் திரும்ப வரச் சொல்லுங்கள், முத்திரை தயாராக இருக்கிறது என்று சார் சொன்னார். போனில் சொல்கிற விஷயமா இது? நேரில் போனேன்.

அவர் போச்சம்பள்ளியில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்திருந்தார். கிருஷ்ணகிரியில் பஸ் மாறி, கேட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் ஷிப்ட் முடிய நின்றேன். மூன்று மணிக்குக் கூட்டம் வெளியே வந்தது. நீலச் சட்டை, கழுத்தில் அட்டை, நெற்றியில் அதே விபூதி குங்குமம். என்னைப் பார்த்ததும் நின்றார்.

"என்னக்கா, இவ்வளவு தூரம்?"

எதையும் சுற்றி வளைக்கவில்லை. சொன்னேன். விரிசல், பயிற்சிப் பள்ளி போன், பச்சைக் கோடு. தப்பு என்னுடையது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன்.

"எத்தனை மணி நேரம் பறந்துச்சுக்கா?"

"இருபத்தெட்டு மணி நேரம்."

"அய்யோ" என்றார். கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது, அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மரத்தடியில் இருந்த கல்லில் உட்கார்ந்தார். "யாரு ஓட்டினது? படிக்கிற பசங்களா?"

"ஆமா."

கழுத்து அட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். பிறகு சொன்னார்.

"நானும் தொடச்சேன்க்கா."

எப்போது என்று கேட்டேன்.

"பூஜை அன்னைக்குக் காலையில. யாரும் வரல அப்ப. தட்டுல குங்குமம் கொட்டிட்டு வாரேன், அந்த இடத்துல லேசா ஒரு செவப்பு. என் கைதான் பட்டுருச்சோன்னு பயந்துட்டேன். நீங்க பாத்தா முத்திரை போச்சுன்னு சட்டுனு தொடச்சுட்டேன். திங்கக்கிழமை நீங்க காட்டினப்ப அதே இடம். அப்பதான் எனக்கே பக்குனுச்சு."

"அதை அப்பவே சொல்லியிருக்கலாம்ல?" என் குரல் உயர்ந்துவிட்டது. "தொடச்சது திரும்ப வந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே!"

"சொல்லத்தான் வந்தேன். ஒருதடவ தொடச்சேன்னு சொன்னா, ரெண்டு தடவ வச்சேன்னு எழுதியிருப்பீங்க."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படியேதான் எழுதியிருப்பேன். அன்று அவர் விழுங்கியது இதைத்தான், விழுங்க வைத்தது நான்.

"சரி, நம்ம சொல்லாட்டி என்ன, அக்கா எப்படியும் ஒரு நாள் தொங்கப்போட்டுப் பாப்பாங்கன்னு நெனச்சேன்" என்றார். "சுவத்துல ஒட்டினதே நீங்கதானே. வீட்டுக்குப் போயி ரெண்டு நாள் போனையே பாத்துக்கிட்டு இருந்தேன், செவப்பு திரும்ப வந்துருச்சுன்னு கூப்பிடுவீங்கன்னு. கூப்பிடலன்னதும், அப்ப அது குங்குமம்தான் போலன்னு விட்டுட்டேன். யாரையும் நம்பாத ஆளு நீங்க. பாக்காமலே அனுப்பியிருப்பீங்கன்னு எனக்குத் தோணவே இல்லக்கா."

என்னை நம்பிய ஒரே ஆளை நான் வெளியே அனுப்பியிருந்தேன். அழுகை வந்தது. தெருவில் அழுகிற பழக்கம் எனக்கு இல்லாததால் கைப்பையைத் திறந்து புது ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினேன். இதைச் சார் அடுத்த நாள் அனுப்பிவிடுவார், திங்கட்கிழமை வந்து முத்திரையை வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டில் உள்ளவர்களைக் கூட்டி வந்துவிடுங்கள் என்றேன். அவர் நிதானமாக, ஒவ்வொரு வரிக்கும் விரலை ஓட்டி, கடைசிவரை படித்தார்.

"இதுல நான் தொடச்சது இல்லையேக்கா."

"அது எனக்கு இப்பதானே தெரியும்."

"சேத்துருங்க."

"சேத்தா என்ன ஆகும்னு தெரியும்ல?"

"தெரியும்." காகிதத்தை என்னிடமே திருப்பித் தந்தார். "சேக்காம முத்திரை குடுத்தீங்கன்னு வைங்க. நாளைக்கு நான் எதைத் தொடச்சாலும் உங்களுக்கு இதுதான் ஞாபகம் வரும். எனக்கும் வரும்."

அவர் ஏற வேண்டிய கம்பெனி பஸ் எப்போதோ போய்விட்டிருந்தது. கைப்பையைக் கல்லின்மேல் வைத்து, அதன்மேல் காகிதத்தை வைத்துக்கொண்டேன். அந்த ஒரு வரியால் முத்திரை இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போகும், குழந்தை சாத்தூரிலேயே நடக்கப் பழகிவிடும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். என்றைக்கு, எத்தனை மணிக்கு, எந்தத் துணியால் துடைத்தார் என்று கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். முதல் தடவையாக, அவர் சொன்னதை வேறு யாரிடமும் விசாரிக்காமல் எழுதினேன்.